‘சரி’யை அழுத்தினால் செத்துப்போகும் செயலி

“தம்பி, ‘சரி’ என்று அழுத்தினேன். உங்கள் செயலி செத்துவிட்டது.”

அக்கா தொலைபேசியில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்குச் ‘சரி’ சொன்னீர்கள் என்று கேட்டேன். “அனுப்பி முடிந்தது என்று ஒரு பெட்டி வந்தது. அதற்குச் சரி சொல்லாமல் வேறு என்ன சொல்வது?” என்றார். நியாயமான கேள்வி. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் 23 பேருக்கான செயலி அது, அக்கா அவர்களில் ஒருவர். கால்மிதியை அழுத்தினால் ஒலி ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஒரு பதிவு முடிந்ததும் அடித்த பக்கங்களையும் ஒலிக்கோப்பையும் சர்வருக்கு அனுப்பிவைக்கும். முதலில் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் என் தலையில் வந்து விழுந்தது. சி++ மொழியில், சாளரம், பொத்தான் போன்றவற்றைச் செய்து தரும் க்யூட் என்ற டூல்கிட்டில் எழுதியிருந்தார். (அதை உருவாக்கியவர்கள் ‘க்யூட்’ என்றுதான் உச்சரிக்கச் சொல்கிறார்கள். நான் பல வருடங்கள் ‘க்யூ-டி’ என்று சொல்லித் திரிந்தேன். யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.)

கோப்பை அனுப்ப நேரம் பிடிக்கும் என்பதால், மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம் மறையும், செயலி மட்டும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரேயில் சின்ன ஐகானாக ஒதுங்கிக்கொள்ளும். அங்கே இருந்தபடி வரிசையில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பும்.

அக்கா சொன்னதை என் கணினியில் மூன்று முறை செய்து பார்த்தேன். அனுப்பி முடிந்தது, பெட்டி வந்தது, ‘சரி’ அழுத்தினேன், செயலி நன்றாகவே இருந்தது. நான்காவது முறை சலிப்பில் முதன்மைச் சாளரத்தை மூடிவிட்டு மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வந்தது. ‘சரி’. ட்ரேயில் இருந்த ஐகானைக் காணவில்லை. வரிசையில் இன்னும் ஆறு கோப்புகள் இருந்தன.

விஷயம் இதுதான். க்யூட்டில் ‘குயிட் ஆன் லாஸ்ட் விண்டோ குளோஸ்டு’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கடைசிச் சாளரம் மூடப்பட்டதும் செயலியை முடித்துவிடு என்று பொருள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது இயங்கும் நிலையில்தான் இருக்கும். ‘கடைசி’ என்பதை டூல்கிட் எப்படிக் கணக்கிடுகிறது என்பதில்தான் சிக்கல். கண்ணுக்குத் தெரியும் சாளரங்களை மட்டும்தான் அது எண்ணும். ட்ரேயில் ஒதுங்கியிருக்கும் செயலியின் முதன்மைச் சாளரம் மறைந்திருக்கிறது, எனவே கணக்கில் இல்லை. ட்ரே ஐகான் சாளரமே இல்லை. அந்த நேரத்தில் தாய்ச் சாளரம் எதுவும் இல்லாமல் ஒரு தகவல் பெட்டி தோன்றினால் அதுதான் முதல் சாளரம், அதுதான் கடைசிச் சாளரமும். அதை மூடியதும், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவதுபோல டூல்கிட் போய்விடுகிறது. உள்ளறையில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தது அதற்குத் தெரியாது.

ஒரே வரியில் திருத்தம் செய்தேன். அந்த அமைப்பை அணைத்தேன், புதிய பதிப்பை அனுப்பினேன், பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரி என்னை அடுத்த மூன்று வாரங்களுக்கு அலையவிட்டது.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன் ஒன்று. சாளரம் மூடுவது வேறு, செயலி முடிவது வேறு. பயனர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், இரண்டுக்கும் என்ன உறவு என்பதை ஒவ்வொரு டூல்கிட்டும் தானாக ஊகித்து ஒரு விதியை வைத்திருக்கிறது. அந்த ஊகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஜாவா கற்றுக்கொண்ட நாள்களில், அந்த மொழியின் டூல்கிட்டான ஸ்விங்கில் ஒரு சின்னக் கணிப்பான் எழுதினேன். சாளரத்தை மூடுவேன், திருத்துவேன், மறுபடி ஓட்டுவேன். மாலையில் கணினி முக்கி முனகியது. கணினியில் ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பத்துப் பதினைந்து ஜாவா ப்ராசஸ்கள், அதாவது இன்னும் முடியாத நிரல்கள், வரிசையாக நின்றன. ஸ்விங்கின் ‘ஜேஃப்ரேம்’ சாளரத்தை மூடினால், நாம் வேறு மாதிரி சொல்லாத வரையில், அது மறைய மட்டுமே செய்யும். மேக்ஓஎஸ் மரபும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான்: எல்லாச் சாளரங்களையும் மூடினாலும் செயலி இருக்கும், மெனுவில் போய் வெளியேறச் சொன்னால்தான் போகும். மைக்ரோசாஃப்டின் டூல்கிட்டான டபிள்யூபிஎஃப் மூன்று வழிகளைக் கொடுத்து நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: கடைசிச் சாளரம் மூடியதும், முதன்மைச் சாளரம் மூடியதும், அல்லது நாம் வெளிப்படையாகச் சொன்னால் மட்டும். 

எனக்குப் பிடித்தது ஜிடிகே என்ற டூல்கிட் செய்யும் முறை. அதில் செயலிக்கு ‘ஹோல்ட்’, ‘ரிலீஸ்’ என்று இரண்டு அழைப்புகள் உண்டு. பின்னணியில் வேலை தொடங்கும்போது ஒரு ஹோல்ட், முடிந்ததும் ஒரு ரிலீஸ். சாளரமும் இல்லை, பிடித்து வைத்திருப்பவரும் இல்லை என்றால்தான் செயலி முடியும். மற்றவை எல்லாம் ‘சாளரம் இருக்கிறதா?’ என்று கேட்கின்றன. இது ‘வேலை இருக்கிறதா?’ என்றும் சேர்த்துக் கேட்கிறது. அந்த இரண்டாவது கேள்விதான் எங்கள் செயலிக்குத் தேவைப்பட்டது. ஆனால் அது எனக்குப் புரிய அந்த மூன்று வாரங்கள் ஆயின.

சரி, அந்த மூன்று வாரங்கள்.

“காலையில் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது” என்று நான்கைந்து பேர் சொன்னார்கள். ஐகானை இரண்டு முறை சொடுக்கினால் மணல் கடிகாரம் ஒரு நொடி சுற்றும், பிறகு ஒன்றும் இல்லை. பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் ஒரு வரி இல்லை. கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ‘அணைத்துப் போட்டால் சரியாகும்’ என்ற சொற்களைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்கோ ஏதோ சாகாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவின் மேசைக்குப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். நேற்று மாலை அவர் ‘வெளியேறு’ என்று மூடிய செயலி அங்கே இருந்தது. சாளரம் இல்லை, ட்ரே ஐகான் இல்லை, சிபியு பூஜ்யம். பேய்.

பேய் எப்படிப் பிறந்தது என்பதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. க்யூட்டில் செயலி முடியப்போகிறது என்பதை அறிவிக்க ‘அபவுட் டு குயிட்’ என்று ஒரு சிக்னல் உண்டு. அதனுடன் இணைத்த ஃபங்ஷனில், முன்னவர், ஒலியை ஓட்டும் த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) நிற்கும்வரை காத்திரு என்று எழுதியிருந்தார். தவறில்லை, ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை அப்படியே அழித்தால் க்யூட் திட்டிவிட்டு செயலியை நொறுக்கிவிடும். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யுகாந்தம் வரை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் முதலில் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுப் பிறகு செயலியை மூடுபவர்களின் கணினியில், அந்த த்ரெட் காணாமல் போன ஒலிச் சாதனத்தின் பதிலுக்குக் காத்திருந்தது. முதன்மை த்ரெட் அந்த த்ரெட்டுக்குக் காத்திருந்தது. இரண்டும் இரவு முழுக்க.

என் ஒரு வரித் திருத்தத்துக்கு முன்பு இது ஏன் வெளியே வரவில்லை? அப்போது செயலி ‘சரி’யை அழுத்தியதும் பாதி நாளிலேயே, ஒலி எதுவும் ஓடாத நேரத்தில், முடிந்துபோய்க்கொண்டிருந்தது. ஒரு பிழை இன்னொன்றின் மேல் உட்கார்ந்து அதை மறைத்திருந்தது. நான் மேலே இருந்ததை எடுத்துவிட்டேன்.

ஆனால் பேய் இருந்தால் என்ன, இன்னொரு செயலி திறக்க வேண்டியதுதானே? அங்கேதான் ஒரே நேரத்தில் ஒரு செயலிதான் ஓட வேண்டும் என்ற ஏற்பாடு வந்து நின்றது. தொடங்கும் செயலி, ஏற்கெனவே ஒன்று ஓடுகிறதா என்று ஒரு உள்ளூர் சாக்கெட் (ஒரே கணினியில் ஓடும் செயலிகள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாகத் தட்டிப் பார்க்கும். இணைப்பு கிடைத்தால், ‘உன் சாளரத்தை முன்னால் கொண்டுவா’ என்று ஒரு செய்தியை விட்டுவிட்டுத் தான் முடிந்துவிடும். பேயின் சாக்கெட் திறந்தேதான் இருந்தது. இணைப்பை இயங்குதளமே ஏற்றுக்கொள்கிறது, அதற்குச் செயலியின் விழிப்பு தேவையில்லை. ஆனால் செய்தியைப் படிக்க ஈவென்ட் லூப், அதாவது வரும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் சுழற்சி, ஓட வேண்டும், அது உறைந்து கிடந்தது. புதிதாக வந்தது கதவைத் தட்டியது, கதவு திறந்தது, வாசலில் கடிதத்தைப் போட்டது, கடமை முடிந்தது என்று திருப்தியாகச் செத்தது. உள்ளே இருந்த பிணம் கடிதத்தைப் பிரிக்கவில்லை.

திருத்தம் மூன்று இடங்களில். த்ரெட்டுக்குக் காத்திருப்பது அதிகபட்சம் 3 நொடி. வெளியேறத் தொடங்கியதும் முதல் வேலையாக அந்த சாக்கெட்டை மூடுவது: சாகப் போகிறவன் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லக்கூடாது. மூன்றாவது, புதிதாக வருவது செய்தியை அனுப்பினால் மட்டும் போதாது, பதில் வர வேண்டும். 2 நொடிக்குள் பதில் இல்லையென்றால் பழையது உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டு தானே திறந்துகொள்ளும். இந்த மூன்றாவதைப் பல செயலிகள் செய்வதில்லை என்பது என் சந்தேகம். ‘இரண்டு முறை சொடுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேய்தான் நினைவுக்கு வருகிறது.

தொடங்குவதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை, ஆனால் அவை அவ்வளவு குரூரமானவை அல்ல. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒலிக்கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் இல்லாவிட்டால் செய்தி காட்டிவிட்டு முடிந்துவிட வேண்டும் என்று முதன்மைச் சாளரத்தை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் எழுதியிருந்தது. செய்தி வரும், ‘சரி’ சொன்னால் செயலி முடியாது, வெறுமையான சாளரம் ஒன்று திறக்கும். காரணம்: க்யூட்டில் ‘குயிட்’ என்பது ஓடும் ஈவென்ட் லூப்பை நிறுத்து என்ற வேண்டுகோள். லூப் இன்னும் தொடங்கவே இல்லை என்றால் நிறுத்த எதுவும் இல்லை. வேண்டுகோள் காற்றில் போய்விடும், பிறகு லூப் சாவகாசமாகத் தொடங்கும். அந்தச் சோதனையைச் சாளரத்திலிருந்து பிடுங்கி செயலி ஓடத் தொடங்கும் இடமான ‘மெயின்’ ஃபங்ஷனுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஃபோல்டர் இல்லை என்று தெரிந்தால் லூப்பைத் தொடங்காமலே திரும்பிவிடலாம். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற டூல்கிட் இதை அழகாக வைத்திருக்கிறது: தொடக்கத்தில் ஓடும் அதன் ‘ஆன்இனிட்’ ஃபங்ஷன் ‘பொய்’ (ஃபால்ஸ்) என்று திருப்பி அனுப்பினால் செயலி அங்கேயே முடிந்தது. தொடங்க மறுப்பதற்கு ஒரு முறையான இடம்.

டபிள்யூபிஎஃப்-இல் இதற்கு நேர் எதிராக ஒருமுறை மாட்டியிருக்கிறேன். முதலில் கடவுச்சொல் கேட்கும் சாளரம், அது மூடியதும் முதன்மைச் சாளரம். கடவுச்சொல் சரி, சாளரம் மூடியது, செயலியும் முடிந்தது. அந்தக் கணத்தில் அதுதானே கடைசிச் சாளரம். அக்காவின் ‘சரி’க்குப் பல வருடங்கள் முன்பே அதே பாடத்தைப் படித்திருக்கிறேன், மறந்துவிட்டேன்.

பேய்களை ஓட்டிய பிறகு மூன்றாவது புகார் வந்தது. மாலையில் கணினியை அணைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், காலையில் வந்தால் அணையவில்லை. எங்கள் செயலி ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்டுக்கொண்டு நின்றது. பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

விண்டோஸ் அணையும்போது ஒவ்வொரு செயலியிடமும் ‘முடிக்கலாமா?’ என்று கேட்கும். ஏறத்தாழ 5 நொடிக்குள் பதில் வராவிட்டாலோ, செயலி மறுத்தாலோ, இந்தச் செயலி தடுக்கிறது என்று பயனரிடம் திரையில் காட்டும். இது சாளரம் தெரியும் செயலிகளுக்கு. விண்டோஸ் விஸ்டா முதல், கண்ணுக்குத் தெரியும் சாளரம் இல்லாத செயலிகளுக்கு அந்த மரியாதை கிடையாது: அவை மறுத்தாலும் மௌனமாக இருந்தாலும் நேராகக் கொன்றுவிடும். ஆக எங்கள் செயலிக்கு இரண்டு விதிகள். சாளரம் திறந்திருந்தால் இரவு முழுக்கக் கணினியைப் பிடித்து வைத்திருக்கும். ட்ரேயில் இருந்தால் சேமிக்காமலே சாகும். எது மோசம் என்று யோசித்துப் பார்த்தேன். விடை தெரியவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம். முன்னவர் சில அமைப்புகளைச் சேமிக்கும் வரிகளை ‘மெயின்’ ஃபங்ஷனில், ஈவென்ட் லூப் முடிந்து திரும்பும் இடத்துக்குக் கீழே எழுதியிருந்தார். படித்தால் தர்க்கமாகத்தான் இருக்கிறது. லூப் முடிந்தது, அடுத்த வரி ஓடும். ஆனால் அந்த அடுத்த வரி ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று க்யூட்டின் ஆவணமே சொல்கிறது. பயனர் விண்டோஸிலிருந்து வெளியேறும்போது க்யூட் சாளரங்களை மூடியதும் இயங்குதளம் ப்ராசஸை முடித்துவிடலாம், லூப் திரும்பி வராமலே. அதனால்தான் அந்த வேலைகளை ‘அபவுட் டு குயிட்’டில் வை என்கிறார்கள்.

வைத்தேன். பிறகு அந்த ஃபங்ஷனை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன். 140 வரிகள். சேமிப்பது, வரிசையை எழுதுவது, சாளரத்தின் இடத்தைக் குறித்துக்கொள்வது, த்ரெட்டை நிறுத்துவது, சாக்கெட்டை மூடுவது, தற்காலிகக் கோப்புகளை அழிப்பது. சாகும் நேரத்தில் உயில் எழுதும் மனிதரைப்போல. மின்சாரம் போனால் இதில் ஒன்றும் நடக்காது. டாஸ்க் மேனேஜரில் கொன்றால் நடக்காது. 5 நொடி தாண்டினால் பாதிதான் நடக்கும். நான் மூன்று வாரங்களாக வெளியேறும் வழியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன், அந்த வழியாகச் செயலி போகும் என்பதே நிச்சயம் இல்லாதபோது.

எனவே ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அடிக்கும் பக்கம் 10 நொடிக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கப்படும். நேராகக் கோப்பின் மேல் எழுதுவதில்லை. க்யூட்டின் ‘க்யூசேவ்ஃபைல்’ தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கும், பாதியில் செத்தாலும் பழையது பத்திரம். அனுப்பும் வரிசை, ஒரு கோப்பு சேரும்போதும் நீங்கும்போதும் அப்போதைக்கப்போது எழுதப்படும். சாளரத்தின் இடம் நகர்த்தியதும் எழுதப்படும். (இதற்கு முன் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற டூல்கிட்டில் நான் எழுதிய ஒரு செயலி, சிறிதாக்கிய நிலையில் மூடினால் தன் இடத்தை –32000, –32000 என்று குறித்துக்கொள்ளும். சிறிதாக்கிய சாளரத்தை விண்டோஸ் ஒளித்துவைக்கும் இடம் அது. மறுநாள் செயலி அங்கேயே போய்த் திறக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது.) தற்காலிகக் கோப்புகளைத் தொடங்கும்போது அழிக்கிறேன், முடியும்போது அல்ல.

ட்ரேயில் ஒளியும் பழக்கத்தையும் எடுத்துவிட்டேன். ஜிடிகேயின் ஹோல்ட் போலவே க்யூட்டிலும் ‘ஈவென்ட் லூப் லாக்கர்’ என்று ஒன்று இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தப் பொருள் உயிரோடு இருக்கும்வரை, கடைசிச் சாளரம் மூடினாலும் செயலி தானாக முடியாது. ஒவ்வொரு கோப்பும் அனுப்பப்படும்போது ஒரு லாக்கரைக் கையில் வைத்திருக்கும், முடிந்ததும் விடும். நான் அணைத்த அந்த ஒரு வரியை மறுபடி பழையபடியே வைத்தேன். பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம் மூடும். அனுப்ப ஒன்றும் இல்லையென்றால் செயலி முடியும். இருந்தால் அனுப்பிவிட்டு, யாரையும் கேட்காமல், ‘சரி’ சொல்லச் சொல்லாமல் முடியும்.

வெளியேறும் ஃபங்ஷன் இப்போது 11 வரிகள். சோதனைக்காக அக்காவின் முன்னால் உட்கார்ந்து, அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் செயலியைக் கொன்றேன். அவர் “ஐயோ” என்றார். மறுபடி திறந்தேன். கடைசி வாக்கியத்தில் நான்கு சொற்கள்தான் போயிருந்தன. கொஞ்சம் பெருமையாக அவரைப் பார்த்தேன்.

“எல்லாம் சரி தம்பி. மூடும்போது சேமிக்கவா என்று ஏன் கேட்பதில்லை?”

“கேட்கத் தேவையில்லை அக்கா, ஏற்கெனவே சேமித்தாயிற்று.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

மறுநாள் சாளரத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கடைசியாகச் சேமித்தது 10:42:30’. 10 நொடிக்கு ஒருமுறை மாறும். அக்கா அதைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் இன்றுவரை மூடும் முன் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து இரண்டு முறை அழுத்துகிறார். அந்த விசைகளுக்கு இப்போது உண்மையில் வேலை ஒன்றும் இல்லை. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, அழுத்தினால் அந்த நேரம் ஒரு கணம் பச்சையாக மின்னும்படி எழுதி வைத்துவிட்டேன்.